சில்லு வைத்த வீட்டின் குடிபூரல்

குணரத்தினத்துக்குத் தலையாட்டுகிற பழக்கம் இருந்தது. அதை நல்ல பழக்கம் என்றே அவன் நினைத்திருந்தான். ஒக்லண்ட் விமான நிலையத்தில் அகதி என்று வந்து நின்ற நாளிலிருந்து, வெள்ளைக்காரர் எதைச் சொன்னாலும் முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவான். பாதி விளங்கும், பாதி விளங்காது. விளங்கவில்லை என்றால் திரும்பச் சொல்வார்கள், அதுவும் விளங்காது, பிறகு இரண்டு பேருக்கும் வெட்கம். எதற்கு வீண் வில்லங்கம்? ஆட்டிவிட்டால் ஆள் போய்விடுவார். பென்ரோஸில் பெயின்ற் தொழிற்சாலை வேலை அப்படித்தான் கிடைத்தது. அங்கே முகமூடி போடுவதைப் பற்றி மேற்பார்வையாளர் சொன்னதற்கும் அப்படித்தான் தலையாட்டினான். இரண்டு வருடத்தில் அவனுடைய மூக்கு எந்த மணத்தையும் பிடிக்காமல் விட்டுவிட்டது.

வானை வாங்கியதும் தலையாட்டித்தான். வான் என்று சொல்வது அவன். உண்மையில் அது ஒரு பழைய மோட்டர்ஹோம். முன்னால் சாரதி இருக்கை, பின்னால் முழுவதும் வீடு: கட்டில், மேசை, தண்ணீர்த் தொட்டி, காஸ் அடுப்பு. விற்ற கிழவர் மனைவியோடு நாடு முழுக்க அதில் சுற்றியவர். மனைவி செத்தபின் அதற்குள் ஏற மனம் வராமல் விற்றார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டியவர், அடுப்புக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து, தரையில் இருந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டினார். இவற்றை மட்டும் எந்தக் காலத்திலும் மூடிவிடாதே என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஏன் என்பதையும் நீளமாகச் சொன்னார். குணரத்தினம் இரண்டு தரம் தலையாட்டினான். அவனுடைய கண் அப்போது கட்டிலுக்கு மேலே இருந்த சின்ன யன்னலில் இருந்தது.

அதே நகரின் ஒடாஹுஹுவில், தவராசாவின் வீட்டுக் கோடியில், எலுமிச்சை மரத்தோடு ஒட்டினாற்போல அந்த வான் நின்றது. தவராசா ஊரில் பக்கத்து ஒழுங்கைக்காரன், இங்கே பஸ் ஓட்டுகிறான். ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது, வந்து மனிசர் மாதிரிப் படுங்கள் என்று அவனும் மனைவி இராசமலரும் கெஞ்சாத குறை. குணரத்தினம் மசியவில்லை. கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினால் கேத்தில். மற்றக் கையை நீட்டினால் தேயிலைப் பேணி. எழும்பாமல் தேத்தண்ணி போடுகிற சுகம் எந்த மந்திரிக்கு வாய்க்கும் என்று கேட்பான். மழை நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தலைக்கு மேலே தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பான். எத்தனையோ பேரின் வீட்டில் கால் மடக்கிப் படுத்தவன், இங்கே ஒருவரிடமும் கேளாமல் காலை நீட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அவன் சந்தோசமாகத்தான் இருந்தான்.

மனைவி சரோஜாதேவிக்கு விசா கிடைக்க ஆறு வருடம் எடுத்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு நடுக் குளிரில் அவள் வந்து இறங்கினாள். அதற்கு முதல் ரெலிபோனில், சொந்தமாக ஒரு இடம் வாங்கிவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தான். பொய் என்று சொல்லமுடியாது. உண்மை என்று சொன்னால் அவனுக்கே சிரிப்பு வரும்.

சரோஜாதேவியிடம் சொந்த இடம் என்ற சொல்லை அப்படி இலேசாகப் போட்டிருக்கக்கூடாது. ஊரில், கொக்குவிலில், இருவரும் ஒரு வீடு கட்டினார்கள். குடிபூரலுக்கு நாள் வைத்து, சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லி, பால் காய்ச்சப் புதுப் பானையும் வாங்கி வைத்தார்கள். அதற்கு முந்தின கிழமை ஷெல் விழுந்து கூரையும் போயிற்று, பானையும் போயிற்று. அன்றிலிருந்து அவள் ஊரார் அடுப்பில் சமைத்தவள். மாமியார் வீடு, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சாவகச்சேரியில் முகம் தெரியாத யாரோ ஒருவரின் விறாந்தை, வவுனியா முகாம். போன இடமெல்லாம் அடுப்பு ஒழியும்வரை வரிசையில் நின்றிருக்கிறாள். பிள்ளையும் இல்லை. பால் பொங்கவைத்துக் குடிபுகுந்த ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியவள் புல்லில் நின்று வானைப் பார்த்தாள். பிறகு குனிந்து கீழே இருந்த சக்கரங்களைப் பார்த்தாள்.

"உதுக்குச் சில்லெல்லே இருக்குது," என்றாள்.

அன்று இரவு தவராசா வீட்டு அறையில்தான் படுத்தாள். அடுத்த இரவும் அங்கேதான். ஆறு வருடம் இருவருக்கும் நடுவில் கடல் கிடந்தது; இப்போது ஒரு புல்தரை கிடந்தது. இராசமலர் மெல்ல விசாரித்ததற்கு, அதுக்குள்ளே குளிரும் என்று மட்டும் சொன்னாளாம். உண்மைக் காரணம் குளிரில்லை என்பது குணரத்தினத்துக்குத் தெரியும். ஆனால் குளிர் என்றால் அவனால் ஏதாவது செய்யமுடியும். ஆகவே குளிர்தான் காரணம் என்று நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

இரண்டு சனிக்கிழமை மினக்கெட்டான். யன்னல் விளிம்பெல்லாம் இறப்பர்ப் பட்டி ஒட்டினான். பழைய சாமான் கடையில் தடித்த திரைச்சீலை வாங்கித் தொங்கவிட்டான். காப்பெற் துண்டுகளை அளந்து வெட்டித் தரை முழுக்க விரித்தான். அப்படியும் காலில் ஒரு கூதல் வந்து பட்டுக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் அடுப்பு அலுமாரிக்குள் இருந்த அந்த இரண்டு ஓட்டைகள். தான் உடுத்துகிற பழைய சாரத்தைக் கிழித்து இரண்டிலும் இறுக்கி அடைத்து, மேலே ரேப் ஒட்டி, அதன் மேலும் காப்பெற் போட்டான். கிழவரின் விரல் ஒருகணம் ஞாபகம் வரத்தான் செய்தது. கழுவுகிற தண்ணீர் வடியத்தான் வைத்திருப்பார்கள், நான் துடைத்துவிடுவேன் என்று தனக்குத் தானே சொல்லி, தனக்குத் தானே தலையையும் ஆட்டிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், அவனைச் சாப்பிடக் கூப்பிடக் குடையோடு வந்தாள் சரோஜாதேவி. உள்ளே ஏறியவள் வெறுங்காலைக் காப்பெற்றில் வைத்துவிட்டு, எடுக்காமல் நின்றாள். அவன் தேத்தண்ணி போட்டான். எழும்பாமல் இருந்தபடியே போட்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மழையைக் கேட்டபடி கனநேரம் இருந்தாள். பிறகு, இது உண்மையில் ஓடுமா என்று கேட்டாள். ஓடும் என்றான். எங்கே வேண்டுமென்றாலும் போகுமா? றோட்டு இருக்கிற இடமெல்லாம் போகும் என்றான்.

"அப்ப இனியொருக்கா ஓடவேண்டி வந்தா, அடுப்போட ஓடலாம்," என்றாள்.

பகிடி விடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பாருங்கோ. பால் காய்ச்சிப்போட்டு வாறன். காய்ச்சாத இடத்தில இனி நான் படுக்கமாட்டன்."

குணரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குடையை மறந்து, மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய்த் தவராசாவிடம் சொன்னான்.

அடுத்து வந்த நாட்களில் அவளை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. புதுச் சட்டி வேண்டும், மஞ்சள் துண்டு வேண்டும், வாசல் கிழக்கே பார்க்கவேண்டும் என்றாள். அதில்தான் எல்லோருக்கும் பகிடி. மற்றவர்கள் வாசல் சரியாக உள்ள வீடு தேடித் தெருத் தெருவாக அலைய, இவர்கள் வாசலையே திருப்பப் போனார்கள். தவராசா சாரதி இருக்கையில் ஏறி, இருமி இருமிக் கிளம்பிய இஞ்சினோடு மல்லுக்கட்டி, எலுமிச்சை மரத்தின் கொப்பை முறித்து, ஒருமாதிரி வானைத் திருப்பி நிறுத்தினான். கதவு நேர் கிழக்கே பார்த்தது. கொக்குவில் வீட்டுக்கு வடக்கு வாசல்தான் என்றாள் சரோஜாதேவி, அதைவிட இது திறம் என்கிற குரலில்.

காஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று அவன் அவளுக்குக் காட்டிக்கொடுத்தான். திருகியைத் திருப்பு, நெருப்புக்குச்சியைக் காட்டு, அவ்வளவுதான். நிறுத்துவதைக் காட்டவில்லை. நிறுத்தத் தெரியாதவர் உண்டா? அவன் அப்படித்தான் நினைத்தான். ஆனால் அவள் வாழ்நாள் முழுக்க விறகில் சமைத்தவள். இராசமலர் வீட்டிலோ கறன்ற் அடுப்பு. விறகு அணைந்தால் அதோடு சரி. அதற்குப் பிறகு அங்கே பயப்பட எதுவுமில்லை.

குடிபூரல் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்கள் புல்லில் நின்றன. உள்ளே கணவனும் மனைவியும், தவராசாவும் இராசமலரும். அதற்கே தோளோடு தோள் முட்டியது. மேல் தட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் சின்னக் குத்துவிளக்கு எரிந்தது. சரோஜாதேவி, இராசமலர் கொடுத்த மஞ்சள் நைலெக்ஸ் சேலை உடுத்தியிருந்தாள். சட்டியின் கழுத்துவரை பாலை ஊற்றி, நெருப்பை நன்றாகக் கூட்டிவைத்தாள். பால் நுரை தள்ளி எழும்பியது. சட்டி விளிம்பைத் தாண்டி, அவள் எதிர்பார்த்திருந்தபடியே கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லோரும் ஆரவாரித்தார்கள். பால் அடுப்பில் கொட்டிச் சீறியது, நெருப்பு அணைந்தது. அவள் கைகூப்பிக்கொண்டு அழுதாள்.

நெருப்பு இல்லாததைக் குணரத்தினமும் பார்த்தான். நிறுத்திவிட்டாள் என்று நினைத்தான். அவள், அணைந்துவிட்டது, காரியம் முடிந்தது என்று நினைத்தாள். துணியால் பிடித்துச் சட்டியை இறக்கினாள். பால் கருகிய மணம் கிளம்பிவிட்டது என்று இராசமலர் மூக்கைப் பொத்திச் சிரித்தாள். அவனுக்கு எந்த மணமும் இல்லை. எல்லோருமாக இறங்கினார்கள். சூடு வெளியே போய்விடக்கூடாது என்று கதவை இழுத்துச் சாத்தியது அவன்தான்.

வெளியே இளவெயில். கடதாசிக் கோப்பைகளில் ஆளுக்குக் கொஞ்சம் பால் கொடுத்தாள். பொங்கிய புக்கையும் வாழைப்பழமும் பரிமாறினார்கள். ஒருவர் வீட்டு மோர்ட்கேஜ் கடனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உங்களுக்கென்ன, விரும்பின இடத்தில் வீட்டை நிற்பாட்டுவீர்கள் என்று ஒருவர் சொல்ல, சரோஜாதேவி பெருமையாக வானைத் திரும்பிப் பார்த்தாள். யன்னலுக்குள் விளக்கு எரியவில்லை. கதவைச் சாத்திய காற்றில் அணைந்திருக்கவேண்டும். குடிபூரலன்று விளக்கு அணைவதை யார்தான் நாலு பேருக்குச் சொல்வார்கள்? கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் எழும்பிப் போனாள். அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துவதைக் குணரத்தினம் கண்டான். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. அவளுடைய வீடு, அவள் போகிறாள். சின்ன யன்னலில் அவளுடைய குனிந்த தலையும், நெருப்புக்குச்சியின் வெளிச்சமும் தெரிந்தன.

பெரிய சத்தம் என்று சொல்லமுடியாது. கனமான ஒரு பொருள் விழுந்தாற்போல வான் ஒருதரம் அதிர்ந்தது. யன்னல்கள் உடைந்து புல்லில் விழுந்தன. உள்ளே தரையிலிருந்து கூரைவரை நெருப்பு நீலமாக எழும்பிப் பிறகு சிவந்தது. அவன் ஓடிப்போய்க் கதவை இழுத்தபோது மஞ்சள் சேலை அவளுடைய உடம்போடு உருகிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் அவளைத் தூக்கி வெளியே எடுத்தான். தவராசா தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தான். வந்திருந்தவர்களின் பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள்.

சரோஜாதேவியை இராசமலரோடு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். குணரத்தினத்தின் கைகளுக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும், தீயணைப்பு அதிகாரி அவனை வானடிக்குக் கூப்பிட்டார். அடுப்பின் திருகி முழுதாகத் திறந்திருந்தது. அதிகாரி முழங்காலில் இருந்து, கருகிய காப்பெற்றைக் கிளப்பி, ஓட்டைக்குள் விரலை விட்டுச் சாரத் துண்டை இழுத்து எடுத்தார். கோபப்படாமல், மெதுவாக விளங்கப்படுத்தினார். காஸ் காற்றைவிடப் பாரம். மேலே போகாது, தண்ணீரைப் போல இறங்கித் தரையில் தேங்கும். அது வடிந்து போகத்தான் இந்த ஓட்டைகள். திறந்து கிடந்திருந்தால் பெரும்பகுதி புல்லுக்குப் போயிருக்கும்.

தவராசா மொழிபெயர்க்க வாயெடுத்தான்.

"வேண்டாம் தவம். விளங்கினது," என்றான் குணரத்தினம். அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினான். இந்த நாட்டுக்கு வந்தபின், ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கி அவன் ஆட்டியது அதுதான் முதல் தரம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டைக் கதையை அவளிடம் எடுக்கவேண்டாம் என்று தவராசா மன்றாடினான். சொல்லி என்ன ஆகப்போகிறது, தெரியாமல் நடந்ததுதானே என்றான். குணரத்தினம் அதற்குத் தலையாட்டவில்லை.

சரோஜாதேவி ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. தேறமாட்டாள் என்று டொக்டர் சொல்லிவிட்ட பிறகு ஒரு பகல், கண்ணுக்கும் கட்டுப் போட்டுக் கிடந்தவள், தெளிவாகக் கதைத்தாள். பால் கிழக்காலே பொங்கியதுதானே என்று கேட்டாள். ஓம் என்றான். கொஞ்சநேரம் கழித்து, "நான்தான் அடுப்பை நிப்பாட்டேல்லை என்ன? உங்கட வீட்டையும் எரிச்சுப்போட்டன்," என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். அவள் அந்தப் பழியோடு போயிருப்பாள், அவன் இந்த உண்மையோடு இருந்திருப்பான். குணரத்தினத்தால் முடியவில்லை. கட்டுப் போட்ட கைகளைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கிழவர் சொன்னதையும், தான் கேளாமல் தலையாட்டியதையும், சாரத்தைக் கிழித்து அடைத்ததையும் சொன்னான். பிழை உம்முடையதில்லை, என்னுடையது என்றான்.

அவள் நித்திரையாகிவிட்டாள் என்று அவன் நினைத்தபோது,

"எனக்குக் குளிருமெண்டுதானே அடைச்சனியள்?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகுதான் அவளுடைய கண்ணில் கட்டு இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். இதை வாயால் சொல்லவேண்டியிருந்தது.

"ஓம்," என்றான்.