நடுவில் நின்றுபோகும் பாட்டு

அட்டைப் பெட்டியைப் பிரித்து, தெர்மகோலை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து அந்தக் கறுப்புப் பியானோவை மியூசிக் ரூமில் நிறுத்தியபோது, ரூபா முதலில் தேடியது ரிதம் பட்டனைத்தான். வலது பக்கம் பார்த்தாள், இல்லை. இடது பக்கம் பார்த்தாள், அங்கேயும் இல்லை. கீழே விழுந்த எதையோ எடுப்பது போலக் குனிந்து அடியில்கூடப் பார்த்தாள். மூன்று பெடல் இருந்தது. மேலே ஒரு பவர் சுவிட்ச், ஒரு வால்யூம், அவ்வளவுதான். மற்றபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெறும் கட்டைகள்.

"எட்லா உந்தி, ரூபாம்மா?" என்றார் கரஸ்பாண்டென்ட் ஆதிநாராயணன். வாசல்படியில் நின்று, புதுக் காருக்குப் பூசை போட்டவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குது சார்" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம்தான் அவள் மியூசிக் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். இன்டர்வியூவில் ஆதிநாராயணன் கேட்டது ஒரே கேள்வி. "பியானோ வருமா?" அவளும் "வரும் சார்" என்றாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. சத்தியவேடு, நகரி, புத்தூர் என்று கல்யாணம் கல்யாணமாகச் சுற்றிய ஆர்க்கெஸ்ட்ராவில் எட்டு வருஷம் கீபோர்டு வாசித்தவள் அவள். அந்த ஊர்ப் பக்கத்து ஆர்க்கெஸ்ட்ராவில் பியானோ என்பது ஒரு வாத்தியமே இல்லை. கீபோர்டைப் போட்டதும் முதலில் வருகிற டோன். வயலின் ஒரு நம்பர், புல்லாங்குழல் ஒரு நம்பர், பியானோ ஒன்றாம் நம்பர். ஒன்றாம் நம்பர் வருமா என்று கேட்டால் யார்தான் வராது என்பார்கள்?

வலது கையால் பாட்டை வாசிப்பாள். இடது கை மூன்று விரலால் மூன்று கட்டையைச் சேர்த்து ஒரு கார்டாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் அதுவே போட்டுக்கொண்டு ஓடும். ஆக, எட்டு வருஷமாக அவளுடைய இடது கை சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கின கை. இப்போது பட்டனில்லாத பியானோ முன்னால் அதை வைத்துப் பார்த்தாள். அது பேந்தப் பேந்த விழித்தது.

ஆதிநாராயணனுக்கு ஒரு கனவு. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகனைப் பார்க்கப் போன இடத்தில், ஏதோ ஓட்டலில் ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து பியானோ வாசித்தாளாம். பக்கத்தில் தபலா இல்லை, மைக் இல்லை, ஒரு மனுஷன் வாயைத் திறக்கவில்லையாம். "அந்த மாதிரி நம்ம ஆனுவல் டேல உண்டாலி, இருக்கணும்" என்றார். "சினிமா பாட்டு வேணாம். ரிதம் வேணாம். ஒரே பியானோ, ரெண்டு கையும் ஓடணும். பேரன்ட்ஸ் பாத்து அசந்துடணும். அது முடிஞ்ச கையோட உங்க பர்மனென்ட் ஆர்டர் போட்டுடலாம்மா." அது சரியாக அமையவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா?

வேலை போனால் அவள் பட்டினி கிடக்க மாட்டாள். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி கம்பெனியாக வந்துவிட்டது, தம்பி சாய்குமார் அதில் ஒன்றுக்குத்தான் பஸ் ஏறிப் போகிறான், அவளும் போகலாம். பயம் அதுவல்ல. நைனா என்று அவள் கூப்பிடுகிற அப்பாவும், ஊர் டீக்கடையும்தான். ஆர்க்கெஸ்ட்ரா நாளில் விடிகாலையில் வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். கோவர்த்தனன் மகள் எங்கே போய்க்கினு வர்றா என்று டீக்கடையில் நைனா காதுபட ஒருத்தன் கேட்டான். அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு விட்டவர்தான், டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். வேர்க்கடலைக் கொல்லைக்குப் போகிறவர் அந்தக் கடையைத் தாண்டக்கூடாது என்று ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். ரூபா திருப்பதியில் டீச்சர் ஆன பிறகுதான் மறுபடி அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சை மறுபடியும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவளுக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

போனில் தேடினாள். முதலில் வந்தவர்கள் எல்லாம் நூறு இருநூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன வெள்ளைக்காரப் பெரியவர்கள். அவர்கள் கட்டிவைத்த பாட்டில் இடது கை கிடந்து குதித்தது, ஓடியது, தாவியது. அவள் கையோ சின்னக் கை. கட்டைவிரலை ஒரு கட்டையில் வைத்து, சுண்டுவிரலை எட்டாவது கட்டைக்கு நீட்டினால் உள்ளங்கை விண்விண்ணென்று தெறித்தது. எல்லாருக்கும் ஸ்கூல் விட்ட பிறகு மியூசிக் ரூமில் உட்கார்ந்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, யாராவது வெளியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று எழுந்துபோய்ப் பார்ப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டலில் வார்டன் அம்மா "உடம்புக்கு இன்னாம்மா" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

தீபாவளி லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. சத்தியவேட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னக் கைகளுக்கான பாட்டு என்று ஒன்று வந்தது. தொட்டாள். ஐம்பது வயசு இருக்கும், ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை. தோளில் சால்வை. சுவரோடு ஒட்டின பழைய பியானோ. பின்னால் அடுப்பு, அதற்கு மேல் ஆணியில் தொங்குகிற சட்டிகள். அவள் பேசின இங்கிலீஷ் ரூபாவுக்குப் பாதி புரிந்தது. அப்போதெல்லாம் குழந்தை பக்கத்து அறையில் தூங்கும், சத்தம் போட முடியாது, அதனால் இப்படி மெதுவாகக் கட்டினேன் என்றாள். என் கை சின்னது, எட்டாத எதையும் இதில் வைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினாள். பிறகு வாசித்தாள். இடது கைக்கு இரண்டே இரண்டு நோட்டு. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வலது கை அதன் மேல் ஏதோ யோசித்து யோசித்துப் பேசுவது போலப் போனது.

பஸ் புத்தூருக்குள் நுழைகிற நேரம் பாட்டு நின்றுபோனது. நெட் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தூக்கினாள். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சால்வைக்காரியின் இரண்டு கையும் கட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. தோள் மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. கடைசி நோட்டு மெலிந்து மெலிந்து போய்க்கொண்டே இருந்தது. அது போனதும் ரூபாவுக்குத் தன் மூச்சே காதில் கேட்டது. ஜூன் மாதத்திலிருந்து அவள் மூச்சு விட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. பிறகு இடது கை மட்டும் தனியாக இறங்கி, அந்த இரண்டு நோட்டை வைத்தது. ரூபாவின் இடது கை தானாக முன்சீட்டுக் கம்பியில் அதைத் தட்டிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள். இவள் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒருத்தியைத் தொட்டால் இன்னொருத்தி வந்தாள். ஜப்பான்காரி ஒருத்தி மழையை வைத்தே நாலைந்து பாட்டுக் கட்டியிருந்தாள். பனிக்கட்டி ஊரில் இருந்த ஒருத்தி பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சராம், அவர்கள் விரலுக்கு ஏற்றபடி எழுதியிருந்தாள். பேரெல்லாம் ரூபாவின் வாயில் நுழையவில்லை. சால்வைக்காரி, மழைக்காரி, குட்டைமுடி டீச்சர் என்று அவளே பேர் வைத்துக்கொண்டாள். எல்லாரும் உசுரோடு இருந்தார்கள், அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கேயோ ஒரு அடுப்பங்கரையில், துணி காய்கிற கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நிமிஷம்கூட ஒருத்தி கட்டிக்கொண்டிருப்பாள். எட்டு வருஷத்தில் ரூபா எத்தனை ஆயிரம் பாட்டு வாசித்திருப்பாள்! ஒரு பொம்பளை கட்டின மெட்டு ஒன்றைக்கூட அவள் வாசித்ததில்லை. அதை யாரும் அவளிடம் மறைத்துவைக்கவில்லை. அவளும் கேட்டதில்லை.

சால்வைக்காரியின் பாட்டையே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நோட்டேஷன் படிக்க வராது; ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லாமே காதுதான். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டி விரலைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தாள். இடது கை மூன்று விரலையும் சேர்த்தே அமுக்கும். "ஒண்ணு ஒண்ணா வையேன் கழுத" என்று அதைத் திட்டுவாள். பஸ் கம்பியில், இட்லித் தட்டின் ஓரத்தில், கட்டில் சட்டத்தில் எல்லாம் வாசித்தாள். பொங்கல் தாண்டின சமயம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க ஆரம்பித்தது. எல்லாம் வந்தது, நடுவில் இருக்கிற அந்த இடைவெளி மட்டும் வரவில்லை. அங்கே வந்தாலே விரல் தானாக எதையாவது உருட்டிவிடும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் மற்ற எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: சத்தம் நிற்கக் கூடாது. நின்றால் ஜனம் ஏதோ கெட்டுப்போச்சு என்று நினைக்கும், விசில் அடிக்கும், குடித்தவன் மேடை ஏறுவான். நகரியில் ஒரு கல்யாணத்தில் பாட்டு நடுவில் வோல்டேஜ் ஏறி இறங்கி அவள் கீபோர்டு செத்துவிட்டது. பவர் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். குச்சியால் தட்டுகிற ரிதம் பேடு வாசிக்கிற முனியப்பன்தான் அவளைக் காப்பாற்றினான். கீபோர்டு உயிர் பெற்று வருகிறவரைக்கும் தனியாளாக வாசித்துத் தள்ளினான். இறங்கினதும், "இன்னாத்துக்கு அழுவுற? சந்து உட்டா நான் அடைக்கிறேன், நீ சந்து உட்டா நான், நான் உட்டா நீ. அவ்ளோதான்" என்றான். அன்றிலிருந்து அவனை முனியண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒத்திகை பார்க்க ஆதிநாராயணன் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடைவெளி வந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏமாயிந்தி? என்னாச்சு?"

"இல்ல சார், அது அப்டித்தான். பாட்டுலயே இருக்குது."

"கரென்ட் போன மாதிரி இருக்கேம்மா. மிச்சமெல்லாம் பாகுந்தி. அங்க ஏதாச்சும் போட்டு நிரப்பிடுங்க. பேரன்ட்ஸ் மறந்துட்டீங்கன்னு நினைச்சிப்பாங்க."

"சரி சார்" என்றாள். இரண்டு நாளில் அங்கே ஒரு ஓட்டம் தயார் பண்ணினாள், மேலிருந்து கீழே கடகடவென்று இறங்கி ஏறுகிற மாதிரி. அழகாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டு ஆதிநாராயணன் கை தட்டினார். அவளுக்குத்தான், தூங்குகிற குழந்தையை உலுக்கிவிட்டது போல ஒவ்வொரு தடவையும் சங்கடமாக இருந்தது.

அதோடு நைனாவின் போன். "பாப்பா, துன்னியா? டீக்கடையில கேக்கறாங்கோ, உன் பொண்ணு ஸ்டேஜ்ல வாசிக்கிறாளாமேன்னு. நானும் வரட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "வா நைனா" என்றாள்.

ஆனுவல் டே அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து ரூபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முனியப்பன். இப்போது சொந்தமாக சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறானாம். பரிசு கொடுக்கும்போது உருட்டுவதற்கு என்று பேடையும் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்திருந்தான்.

"இன்னா ரூபா, ரிதம் எதுல எடுக்கற? லைன் குடு, மாட்றேன்."

"ரிதம் இல்லண்ணா."

"வெறும் பியானோவா?" அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பயப்படாத. நான் இங்கதான் இருக்கறேன்."

அவள் பேர் கூப்பிட்டார்கள். மேடையில் பியானோவுக்கு மேலே ஒற்றை விளக்கு. முதல் வரிசையில் ஆதிநாராயணன், பக்கத்தில் மாலையோடு சீஃப் கெஸ்ட். கடைசி வரிசையில் நைனா, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இடது கை வைத்தது ஒரு நோட்டு. பொறுத்து, இன்னொன்று. முன்வரிசையில் பேச்சு அடங்கியது. பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஓட்டம் தயாராக இருக்கிறது, அங்கே வந்ததும் விட்டுவிடலாம், ஆர்டர் வாங்கிவிடலாம், நைனா ஊருக்குப் போய் பெஞ்சில் உட்காரலாம். இப்படியே நினைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தாள்.

விரல் உருட்டக் கிளம்பியது. அவள்தான் தூக்கிவிட்டாள். இரண்டு கையையும்.

அவளுக்கே திக்கென்றது. பெடலில் கால் இருந்ததால் கடைசி நோட்டு மட்டும் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ "கரென்ட் பூட்ச்சா" என்றார்கள். ஆதிநாராயணன் திரும்பி ஜனங்களைப் பார்த்தார், அப்புறம் இவளைப் பார்த்தார். கடைசி வரிசையில் நைனா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். மேடை ஓரத்தில் முனியப்பன் இரண்டு குச்சியையும் பேடுக்கு மேலே தூக்கிவிட்டான். போடட்டா என்று கண்ணாலேயே கேட்டான், நகரியில் பார்த்த அதே கண். போட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஜனம் கை தட்டும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது.

ரூபா தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம்.

குச்சி அப்படியே அந்தரத்தில் நின்றது. நைனா உட்காரவில்லை. நோட்டு மெலிந்து, மின்விசிறிச் சத்தத்துக்குள் போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். எட்டு வருஷம் சும்மா இருந்த அந்த இடது கை, யாரும் துணைக்கு வராமல், தனியாகக் கட்டையை நோக்கி இறங்க ஆரம்பித்தது.