ஆலையடிக் குளத்துப் போத்தல்கள்

ஆலையடிக் குளக்கட்டில் ஏறுமுன்பே நாற்றம் முகத்தில் அடித்தது. ஸுஹைறா சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பின்னால் சோதனைப் பெட்டியைத் தூக்கிவந்த அன்ரனிற்றா, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டோரம் குனிந்து குமட்டினாள்.

சுற்றியுள்ள கிணறுகளுக்கெல்லாம் அந்தக் குளத்திலிருந்துதான் ஊற்று. முந்திய வருடம் பிள்ளைகளின் உடம்பில் சொறி கிளம்பியபோது மருதமுனை முஸ்லிம் பெண்கள் சிலரும் பக்கத்துத் தமிழ்க் குறிச்சிப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். மாதத்தில் இருமுறை தண்ணீரைச் சோதித்து, பள்ளிவாசல் வெளிமதிலிலும் மாதா கோயில் வாசலிலும் உள்ள பலகைகளில் முடிவை எழுதுவார்கள். குப்பை கொட்டியவர் பிடிபட்டால் பெயரையும் எழுதுவார்கள். அது ஸுஹைறா கொண்டுவந்த சட்டம். அப்படிப் பெயர் எழுதப்பட்ட இறைச்சிக் கடை அபுல் ஹஸன் இன்னும் அவளோடு கதைப்பதில்லை.

தண்ணீரின்மேல் மஞ்சள் நெய்ப்படலம் மிதந்தது. அதற்குள் வெளிறிய கோழிக் குடல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. வெடித்த உரப்பைகளிலிருந்து வழிந்த புளித்த சோற்றில் புழு நெளிந்தது. செத்த மீன்கள் வயிறு ஊதிக் கரையோரம் ஒதுங்கியிருந்தன.

அன்ரனிற்றா கம்பில் கட்டிய போத்தலால் தண்ணீர் மொண்டு மருந்தைச் சொட்டினாள். மீன்கள் மூச்சுவிடும் ஒட்சிசன் தண்ணீரில் இருந்தால் பழுப்பாகத் திரண்டு படியும். படிந்ததோ வெள்ளையாக.

"ஒண்டுமே இல்லக்கா. செத்த தண்ணி."

"சீ! இதக் கொட்டினவனும் மனிசனா?" ஸுஹைறா காறித் துப்பினாள். "அவன்ட புள்ளைகளும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிது?"

கொக்கத்தடியால் ஒரு பையைக் கொளுவி இழுத்தாள். பை கிழிந்தது. சின்னச் சின்னத் தண்ணீர்ப் போத்தல்கள் அவள் காலடியில் உருண்டன. நீல லேபலில் பொன்னெழுத்து: இஹ்ஸான் – ஆகிலா, திருமண விருந்து.

ஆகிலா அவளுடைய மகள். போன கிழமைதான் கலியாணம். அந்த நீல நிறத்தைத் தெரிவுசெய்ததும் ஸுஹைறாதான். நாற்றம் இப்போது தன் கைகளிலிருந்தே வருவதுபோல் அவளுக்குப் பட்டது. அன்ரனிற்றாவும் லேபலைப் பார்த்தாள். அவளும் அந்த விருந்தில் சாப்பிட்டவள்தான்.

ஸுஹைறா வீட்டுக்குப் போனபோது கணவன் மீராமுகைதீன் விறாந்தையில் பால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். போத்தலை அவன் முன்னால் வைத்தாள்.

"விருந்துக் குப்பைய எங்க கொட்டச் சொன்னீங்க?"

"பட்டா லொறிக்காரன்ட ஏத்திவிட்டன்."

"அவன் எங்க கொண்டுபோனவன்?"

"அத ஆரு கேட்ட? வீடு நாறாமப் போனாச் சரி எண்டு விட்டன்." போத்தலைத் திருப்பிப் பார்த்ததும் அவன் குரல் தாழ்ந்தது. "மெல்லக் கதை புள்ள, மருமகன் உள்ளுக்க இரிக்கார். ஒரு ஆளப் புடிச்சு இந்த லேபலுகளக் கிழிச்சுப்போட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

"லேபல மட்டுமா?"

"பின்ன? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன மரியாத?"

அவனுடைய மீசையில் பால் நுரை ஒட்டியிருந்தது. ஸுஹைறா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புழு நெளியிறது உங்களுக்கு அருவருப்பில்ல. பேர் தெரியிறதுதான் அருவருப்பு."

ஆகிலா அறைவாசலில் நின்று அழுதாள். "உம்மா, என்ட பேரப் பலகையில எழுதப் போறீங்களா?"

"உன்ட பேர் இல்ல மகள். வாப்பாட பேரும் என்ட பேரும்."

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னரே பள்ளிவாசல் பலகையில் எழுதிவிட்டாள்: 'குளத்து நீரில் ஒட்சிசன் இல்லை. கொட்டப்பட்டது மீராமுகைதீன் – ஸுஹைறா வீட்டுக் கலியாணக் குப்பை.' தொழுகை முடிந்து வந்தவர்கள் கூடி நின்று வாசித்தார்கள். அபுல் ஹஸன் வாய்விட்டுச் சிரித்தான். வாசித்தவர்களில் பலர் அந்த விருந்தில் உண்டவர்கள். ஒருவர்கூடக் குளத்துப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை குளத்துக்குள் முதலில் இறங்கியவன் மருமகன் இஹ்ஸான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பைகளை இழுத்தான். மருமகன் இறங்கிய பிறகு மாமனார் கரையில் நிற்க முடியுமா? மீராமுகைதீனும் இறங்கினான். கையில் ஒரு குடல் சுற்றிக்கொண்டதும் அப்படியே வாந்தி எடுத்தான். முழங்கால் சேற்றில் நின்று பைகளைக் கரைக்குத் தள்ளிய ஸுஹைறா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தூரத்து மேட்டில் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

அடுத்த சோதனையிலும் வெள்ளைதான் படிந்தது. சுற்றியுள்ள கிணறுகளில் குடிக்க வேண்டாமென்று அன்ரனிற்றா இரண்டு பலகைகளிலும் எழுதினாள். சம்பந்தி வீட்டார் வருகையைக் குறைத்துக்கொண்டார்கள். பலகையைக் காணக்கூடாதென்று மீராமுகைதீன் வேறு பாதையால் பள்ளிவாசலின் பின்வாசலுக்குப் போகத் தொடங்கினான்.

ஸுஹைறா வழமைபோல அவனுக்குச் சோறு போட்டாள், கறி ஊற்றினாள். ஆனால் அவன் முன்னால் உட்கார்ந்து அவளால் ஒரு பிடி விழுங்க முடியவில்லை. தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள்.