ஒரு சாண் தூரம்

தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் பாம்புச்செவி. சமையலறையில் கரண்டி விழுந்தால், எந்தக் கரண்டி என்று கூடத்திலிருந்தே சொல்லிவிடுவான். அந்தக் காதை நம்பித்தான் ஒலிப்பதிவுக்கூடம் வைத்தான். பிழைப்பும் குறையில்லாமல் ஓடியது. காது கூர்மையாக இருந்தால் போதும், காலை அசைக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டான் பாருங்கள், அதுதான் வினையாகிவிட்டது.

அக்கா லூட் வாசிப்பவள். பாதிப் பேரிக்காய் போலப் புடைத்த முதுகும், அட்டையைப் போல மெல்லிய முன்பலகையும் கொண்ட நரம்பு வாத்தியம் அது. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே லூட். "ஒரே ஒரு ஆல்பம், நல்லபடியா பதிஞ்சு குடுடா, அது போதும் எனக்கு" என்று வந்து உட்கார்ந்தாள்.

லூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் தம்பி மைக்கை வைத்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஹெட்போனோடு இவன். மூன்றாவது நரம்பைத் தொடும்போதெல்லாம் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, உன் லூட்டுக்குள்ள என்னமோ அதிருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா."

"உனக்கு எப்படிக் கேக்கும்? எனக்குக் கேக்குது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா சண்டைக்கு நின்றிருப்பாள். சொன்னது பாம்புச்செவி ஆயிற்றே! மறுநாளே வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் லூட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் தட்டிப் பார்த்து, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். அக்கா விடவில்லை. முன்பலகையைப் பிரித்து, அதிராமலிருக்க உள்ளே இரண்டு மரச்சட்டங்களை ஒட்டச் சொல்லித்தான் திரும்பினாள்.

ஈ போய்விட்டது. பதிவு பளிங்கு மாதிரி வந்தது, கேட்டவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு அக்கா வீட்டுக்குப் போனபோதெல்லாம் லூட் பெட்டிக்குள்ளேயே இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, பழைய பதிவுகளை அழித்து இடம் ஒழிக்க உட்கார்ந்தான். அந்த முதல் நாள் பதிவோடு இன்னொன்றும் கிடந்தது. அக்கா பேசுவது இவனுக்குக் கேட்பதற்காக அவள் பக்கத்துக் கதவோரம் மாட்டியிருந்த சாதாரண மைக் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அழிக்குமுன் சும்மா போட்டுக் கேட்டான்.

ஈயும் இல்லை, கொசுவும் இல்லை. ஒரு சாண் தூரத்தில் இரைச்சலாக இருந்தது, கதவு வரைக்கும் வருவதற்குள் நரம்போடு கலந்து இழைந்து சின்ன மினுமினுப்பாகியிருந்தது. இத்தனை வருஷமும் வீட்டுக் கூடத்தில் அவன் கேட்டுவந்த நாதம் அதுதான். அதைத்தான் கோளாறு என்று சொல்லியிருக்கிறான்.

போட்டது போட்டபடி அக்கா வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். கோளாறு லூட்ல இல்ல, நான் மைக் வெச்ச இடத்துல. அந்தச் சட்டத்தை எடுத்துடச் சொல்லலாம், வா."

"அவர்கிட்ட அப்பவே கேட்டுட்டேன்டா. இன்னொரு தடவை பிரிச்சா பலகை தாங்காதாம்."

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"திரும்பி வந்த அன்னிக்கே தெரியும். மடியில வெச்சு ரெண்டு தட்டு தட்டினதுமே."

"ஏன்க்கா சொல்லலை?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே." அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அன்னிக்கு எழுந்து நாலு எட்டு வெச்சு உள்ள வந்து கேட்டிருக்கலாமேடா."

அந்தக் கண்ணாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

அக்கா பெட்டியைத் திறந்து லூட்டை எடுத்தாள். நாலு எட்டுத் தள்ளி நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தாள். மூன்றாவது நரம்பை மீட்டினாள், மறுபடியும் மீட்டினாள்.

"ஏதாவது அதிருதாடா?"

காதை எவ்வளவோ தீட்டிக்கொண்டு கேட்டான்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான்.