துரைமார் தேய்த்த படி

துரைமார் கட்டிய சதுக்கத்தில் உடைந்த படியை எடுத்துவிட்டுப் புதுக்கல் பதித்தார் கல்தச்சர். அது பழசாகத் தெரிய வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு. மூன்று நாள் உளியால் கொத்தித் தேய்த்துப் பள்ளம் எடுத்தார்.

நான்காம் நாள் அதிலேயே அவர் உட்கார்ந்திருந்தபோது, சுற்றுலா வழிகாட்டி ஒரு கூட்டத்தை ஓட்டி வந்தான்.

"இருநூறு வருஷமா துரைமாருங்க பூட்ஸ் பட்டுத் தேஞ்ச பள்ளம், பாருங்க!"

ஓர் அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் படியைத் தடவினாள். உள்ளங்கையெல்லாம் நேற்றைய கல்தூள். புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கல்தச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியவரே, எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க. போட்டோவுல பழமையே கெடுது," என்றான் வழிகாட்டி.

கல்தச்சர் உளியோடு எழுந்தார்.

"நீ சொன்னதுல இது ஒண்ணுதாம்ப்பா நெசமான பழசு. எங்க தாத்தாவையும் இதே இடத்துல துரை இப்படித்தான் எழுப்பி விரட்டுனான்."