கினோவாக் கிண்ணம்

மாமனார் கண்ணை மூடிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து, சாப்பாட்டுக்கு முந்தைய அந்தப் பிரார்த்தனை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதை மருமகள் கவனித்திருந்தாள். முன்பெல்லாம் சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டுத் தட்டில் கை வைக்கிறவர். இப்போது உலகத்து நோயாளிகள் அத்தனை பேருக்காகவும் வேண்டுகிறார். எதிரே கிண்ணத்தில், வெளிநாட்டுத் தானியமான கினோவா வெந்து ஆறிக்கொண்டிருந்தது.

அது நாத்தனாரின் ஏற்பாடு. வேலைக்குப் போகிற வழியில் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவள், இன்று விடுமுறை என்பதால் கினோவாப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிய தாள்: நூறு கிராம் கினோவாவில் பதினான்கு கிராம் புரதம், சோற்றில் மூன்றுகூட இல்லை. தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை. இதற்கு மேல் மெலிந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"நேத்தும் சோறு குடுத்தியாமே? எங்கப்பாவைப் பட்டினி போடறதும் அதுவும் ஒண்ணுதான்."

பட்டினி. காலையில் அவருக்குக் கட்டு மாற்றிய கையாலேயே மருமகள் ஃபிரிட்ஜ் தாளைக் காட்டினாள்.

"அண்ணி, அந்தப் பதினாலு வேகாத கினோவாவுக்கு. சோறு மட்டும் வெந்த கணக்கு. வெந்தா இதுவும் தண்ணி குடிச்சு நாலரைக்கு வந்துடும். ஒருத்தனை ஸ்டூல் மேல ஏத்திட்டு, இன்னொருத்தனைத் தரையில உக்கார வச்சு உயரம் அளந்தா எப்படி?"

"நாலரையும் மூணைவிட ஜாஸ்திதானே?"

"ஜாஸ்திதான். ஆனா கிண்ணத்துல இருக்கிற சத்து உடம்புல எப்ப சேரும்? மனுஷன் கண்ணைத் திறந்தாதானே வாயைத் திறப்பாரு!"

மாமனார் அவசரமாகக் கண்ணைத் திறந்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. அமிர்தம்." ஒரு கரண்டி எடுத்து, மாத்திரை விழுங்குவதுபோல விழுங்கினார்.

மருமகளின் கோபம் அவர் மேலும் பாய்ந்தது. மகள் மனம் நோகக் கூடாதென்று தன் உடம்பை நோகவிடுவதா? இந்தப் பொய்யையா ஆண்டவன் கேட்டான்? அவள் கிண்ணத்தை இழுத்து நாத்தனார் முன் வைத்தாள்.

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

வீம்பாகத்தான் நாத்தனார் அள்ளிப் போட்டுக்கொண்டாள். இரண்டு முறை மென்றாள். தாடை நின்றுவிட்டது.

"கசக்குது…"

"கசப்பு மேல்தோல்லதான் இருக்கு. நல்லாக் கழுவிட்டுத்தானே வேக வச்சீங்க?"

"கழுவினா சத்து போயிடும்னு…" அவள் அப்பாவைப் பார்த்தாள். "இத்தனை நாளும் இதையாப்பா சாப்பிட்டீங்க?"

அவர் கிண்ணத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மருமகளின் நாக்கில் எத்தனையோ வார்த்தைகள் வரிசைகட்டி நின்றன. இப்போது வீசினால் ஒன்றுகூடக் குறி தவறாது. நாத்தனாரின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை தெரிந்தது. விடிவதற்கு முன் எழுந்து இதை வேகவைத்தவள். மருமகள் வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய வடிகட்டியை எடுத்து நீட்டினாள்.

"பையில வேகாதது மிச்சம் இருக்கில்ல? கொண்டாங்க. அரைப்பங்கு அரிசியோட குழைய வேக வைக்கலாம்."

குழாயடியில் இருவரும் தோள் உரச நின்றார்கள். தண்ணீர் பட்டதும் சோப்புபோல வெள்ளை நுரை பொங்கியது. நாத்தனார் அதை வடித்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள். மறுபடியும் நுரை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இரண்டு கைகளாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.