நேபுகாத்நேச்சார் புல் மேய்ந்த கதை

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு ஒரு நாடகம் போடலாம் என்று மாசிலாமணி உபதேசியார் ஆலயத்தில் அறிவித்தார். ராஜா வேஷம் தனக்குத்தான் என்று தலைமைக் கங்காணி திரவியம் அங்கேயே எழுந்து சொல்லிவிட்டார். எந்த ராஜா, என்ன கதை என்றெல்லாம் கேட்கவில்லை. பொன்முடிப் பாதையில், போனக்காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்னத் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜரான மலையாளி துரை மாதத்தில் பாதி நாள் திருவனந்தபுரத்தில் இருப்பார். அந்த நாட்களில் அது திரவியத்தின் ராஜ்யம். அப்படிப்பட்டவர் மேய்ப்பன் வேஷமா கட்டுவார்?

"பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார்," என்றார் உபதேசியார்.

"பேரே கம்பீரமால்லா இருக்கு!"

அந்தப் பேரைத் தடுமாறாமல் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. வித்துராவுக்கு இறங்கி, நாடகச் சாமான் வாடகைக்கு விடுபவனிடம் கிரீடமும் வெல்வெட் அங்கியும் எடுத்துவந்தார். ஓணத்துக்கு மகாபலி தலையில் இருந்த கிரீடம் அது. உபதேசியாரிடம் அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

கிரீடத்தை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் மனைவி பொன்னம்மை மெல்ல ஆரம்பித்தாள்.

"இந்த ராஜா மாடு மாதிரி புல்லு திம்பானே, அதையும் நீங்கதான் செய்யணுமா?"

"புல்லா? யாரு சொன்னா?"

"வேதத்துல இருக்கு. எல்லாம் நான் கட்டினதுன்னு பெருமை பேசுவான். வானத்துலேர்ந்து ஒரு சத்தம் வரும். உடனே புத்தி பேதலிச்சு, காட்டுல போய் மேய்வான்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீங்க கிரீடம் எடுக்கப் போறேன்னுதான சொன்னீங்க. கதையா கேட்டீங்க?"

திரவியம் அங்கியோடேயே உபதேசியார் வீட்டுக்கு ஓடினார். புல் தின்கிற சீனை எடுத்துவிடச் சொன்னார். வேதத்தில் உள்ளதை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் உபதேசியார். "அப்ப ராஜா காய்ச்சல்ல கிடந்தான்னு வையும்." அதுவும் நடக்கவில்லை. "ராஜாவுக்குப் பதிலா மந்திரி மேயட்டும்." மந்திரியாக நடித்தது கொழுந்து நிறுக்கிற தளவாய். "கங்காணி, வேலைன்னு சொன்னா எதுன்னாலும் செய்வேன். அதுக்காக மேயவும் சொன்னா எப்படி?" என்று அவன் கும்பிட்டுவிட்டான்.

கடைசியில் பொன்னம்மைதான் வழி சொன்னாள். முருங்கைக்கீரைத் தோரன் வைத்துப் பச்சை வாழையிலையில் பரப்பிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கப் புல் போலவே இருக்கும். திரவியத்துக்கு உயிர் வந்தது. ஆனால் கங்காணி புல் தின்னப்போகிற செய்தி அதற்குள் தொழிலாளர் குடியிருந்த எல்லா லயங்களுக்கும் போய்விட்டிருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு வராமல் சாக்குச் சொல்கிறவர்கள்கூட அந்த வருஷம் பாயோடு வந்து இடம்பிடித்தார்கள்.

வானத்துச் சத்தமாக உபதேசியாரே பேசுவதாக இருந்தது. பண்டிகைப் பாட்டு பாடிப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அந்த வேலை கீழ் லயத்து எலிசாளுக்குப் போனது. கொழுந்து பறிக்கிற இடத்தில் நின்று அவள் கூப்பிட்டால் எதிர் மலையில் ஆள் திரும்பிப் பார்ப்பான். கீழ் லயத்தில் தண்ணீர் பைப்பு மழைக்கு முன்னால் உடைந்ததிலிருந்து, பெண்கள் ஓடையிலிருந்துதான் சுமந்தார்கள். அவள் கேட்கும்போதெல்லாம், "துரைகிட்ட சொல்லியாச்சு, வரும்," என்பார் திரவியம்.

நாடகம் தொடங்கியது. முன்வரிசை நாற்காலியில் துரை. திரவியம் தேயிலை ஸ்டோரைக் கையால் காட்டி, "நான் கட்டின மகா பாபிலோன்!" என்று முழங்கினார். திரைக்குப் பின்னாலிருந்து எலிசாள் சாபம் கொடுத்தாள். ராஜா நாலு காலில் இறங்கினார். தோரனில் தேங்காய் தாராளமாக இருந்ததால் முதல் வாய் ருசியாகவே இருந்தது. இரண்டு மூன்று வாய் தின்றதும் சத்தம் வந்து அவரை எழுப்ப வேண்டும். வரவில்லை. கிரீடம் மூக்கில் வந்து இடித்தது. முட்டி வலித்தது. இலையில் பாதி காலியாகிவிட்டது.

"ராஜாவே!" என்றது ஒருவழியாக வானம்.

திரவியம் எழப் போனார்.

"எழும்பாதேயும். புத்தி வந்துட்டா?"

"வந்துட்டு."

"அப்பம் சொல்லும். கீழ் லயத்துப் பைப்பு உடைஞ்சு கிடக்கது துரைக்குத் தெரியுமா?"

ஒத்திகையில் இது இல்லை. உபதேசியார் கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார். "ஏது பைப்பு?" என்று துரை மலையாளத்தில் பக்கத்து ஆளைக் கேட்டார். ஆலயத்து முற்றத்தில், சபை முழுக்கப் பார்த்திருக்க, வானத்துக்குப் பொய் சொல்லத் திரவியத்துக்கு நாக்கு எழவில்லை.

"தெரியாது. நான் சொல்லல."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் மேயும்."

கூட்டம் உருண்டு சிரித்தது. திரவியம் குனிந்து ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"பயமாருந்து," என்றார். "ஒரு பைப்பைக்கூடப் பார்க்கத் தெரியாத உனக்கு எதுக்குக் கங்காணி வேலைன்னு கேட்டுருவாரோன்னு பயம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து எலிசாள் தன் சொந்தக் குரலில், "எழும்புங்க ஐயா," என்றாள்.

துரைக்கு நாடகம் ரொம்பப் பிடித்துவிட்டது. திரவியத்தின் தோளில் தட்டி, "அசல் நடனாணல்லோ!" என்று அவர் நடிப்பை மெச்சினார். பிறகு உபதேசியாரிடம் சந்தேகம் கேட்டார்: "பாபிலோணில் பைப்பு உண்டாயிருந்நோ?"

"பாபிலோன்ல தெரியாது சாரே. நம்ம கீழ் லயத்துல உண்டு," என்றார் கட்டிய தொண்டையோடு உபதேசியார்.

துரை ஆள் அனுப்பினார், பைப்பு சரியாயிற்று. உபதேசியார் ஜெபம் பண்ணியதும் குழாயைத் திறக்கத் திரவியம் முன்னால் வந்தார். நாலு பேரைக் கண்டால் இரண்டு வார்த்தை பேசுவது அவர் வழக்கம்.

"நான் துரையிடம் நேரில் எடுத்துச் சொல்லி..." என்று ஆரம்பித்தார்.

குடத்தோடு நின்ற எலிசாள் தொண்டையைச் செருமினாள். திரவியம் தன்னையறியாமல் ஒருதரம் வானத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்திக் குழாயைத் திருகினார். முதலில் துருத் தண்ணீர்தான் வந்தது. தெளியட்டும் என்று பெண்கள் காத்து நின்றார்கள்.