விளையக் கூடாத நெல்

1

இந்தக் கதையை என் அண்ணியிடமிருந்து திருடினேன். நெல்பூவில் மகரந்தம் எப்படி உருவாகிறது, எந்த மரபணு அதை நடத்துகிறது என்று ஆராய்வது அவர் வேலை. ஒரு மதியம், துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, விளையவே கூடாத செடி ஒண்ணு விளைஞ்சிடுச்சு. கதிரைப் பாத்ததுமே பயந்துட்டேன்."

நெற்கதிரைப் பார்த்துப் பயந்த ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. அன்றே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: பூக்களும் மனிதர்களைப் போலவே ஒரு

(அடித்துவிட்டேன். "இல்லவே இல்லை" என்றார் அண்ணி.)

2

அடுத்த வரைவில் கதாநாயகிக்குக் குழந்தையில்லாத கணவன் ஒருவனைக் கொடுத்தேன். அண்ணி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மகரந்தம் இல்லாத செடிக்கு ஆண் மலடுன்னு ஒரு வார்த்தை கிடைச்சதும் நேரா வீட்டுக்குள்ள புகுந்துட்டியா? உங்க அண்ணன் பாவம்டா. பயிரை மட்டும் எழுது."

கணவன் குப்பைக்கூடைக்குப் போனான். அண்ணன் தப்பித்தார்.

3

பயிரை மட்டும் எழுதுகிறேன்.

மகரந்தப் பைக்குள் உட்சுவராக மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்குச் சோறூட்டுவது அதுதான். ஊட்டி முடித்ததும் அது செத்துப்போக வேண்டும். சாவதும் அதன் வேலைதான். முந்தினாலும் பிந்தினாலும் மகரந்தம் வெறும் சக்கை. 'இப்போது போ' என்று அதற்குச் சொல்லும் மரபணுக்களில் ஒன்றைத்தான் அண்ணி பல ஆண்டுகள் துரத்திப் பிடித்தார்.

(குறிப்பு: இந்த இடத்தில் தியாகம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். "அது தியாகம் பண்ணலடா, கட்டளைக்கு வேலை செய்யுது" என்றார். எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த அடுக்கின்மேல் எனக்கிருக்கும் மரியாதை குறையவில்லை.)

அந்த மரபணுவை நீக்கிய செடியில் மகரந்தம் விளையாது. அதில் என்ன லாபம்? நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டுவிதை எடுக்க வேண்டுமென்றால், தாய்ச்செடிக்குச் சொந்த மகரந்தம் இருக்கக் கூடாது. அண்ணியின் செடி அப்படிப்பட்ட தாய். "எந்த நிலையிலும் தானாக விளையாது" என்று மேடைதோறும் சொல்லியிருந்தார்.

4

அந்தச் செடியை விதை உற்பத்திக்குப் பரிந்துரைக்கலாமா என்று பார்க்க நிபுணர் குழு வரவிருந்த நாள். காலையில் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்துக்குப் போன அண்ணி, அந்நிய மகரந்தம் புகாமல் கதிருக்குப் போட்டிருந்த காகித உறையைப் பிரித்தார். உள்ளே பால் பிடித்து முற்றிய மணிகள்.

துறைத்தலைவரிடம் ஓடினார்.

"உறை எங்கயாவது கிழிஞ்சிருக்கும்மா. பக்கத்துச் செடியோட மகரந்தம் போயிருக்கும்."

"கிழியல சார். நல்லா பாத்துட்டேன்."

"அப்ப இன்னைக்கு இதை யார் கண்ணுலயும் காட்டாதே. அடுத்த பருவத்துல பாத்துக்கலாம்."

(அவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தை மூடவிடாமல் காப்பாற்றியவர் அவர்தான். பயந்துவிட்டார், அவ்வளவுதான்.)

"நீங்க தயங்கினீங்களா அண்ணி?"

"தயங்காம? குழாயைத் திறந்துவிட்டு கை கழுவுற மாதிரி ரொம்ப நேரம் நின்னேன். தண்ணிதான் வீணாச்சு."

கூட்டத்தில் எல்லோரும் உட்காரும் முன்பே அந்தக் கதிரை மேசைமேல் வைத்தார். "இது விளைஞ்சிருக்கக் கூடாது. விளைஞ்சிருக்கு. நான் சொல்லிட்டு வந்தது தப்பா இருக்கலாம்."

குழு பரிந்துரையை நிறுத்திவைத்தது. துறைத்தலைவர் அண்ணியோடு பேசுவதை நிறுத்தினார். எதிரே வந்தால் கைபேசியைப் பார்ப்பாராம்.

5

இங்கே கதையை முடித்தால் நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்று ஆகும். வாசகர் பெருமூச்சு விடுவார், எனக்கும் நல்ல பெயர். ஆனால் அண்ணி பெருமூச்சு விடும் ஆள் இல்லை. விளைந்த செடியின் தொட்டி எங்கே நின்றது என்று போய்ப் பார்த்தார். கூடத்தின் கோடியில், குளிரூட்டியின் வாய்க்கு நேர் கீழே.

அந்தச் செடியின் தூரையே வேரோடு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி வெப்ப அறைக்கு, மறு பாதி குளிர் அறைக்கு. ஒரே செடி, ஒரே மரபணு, இரண்டு வானிலை. புதுக்கதிர் வந்ததும், பூ திறக்கும் முன்பே மகரந்தத்தை எடுத்து அயோடின் விட்டார். மாவுச்சத்து நிறைந்த மகரந்தம் கறுக்கும். சக்கை வெளிறியே கிடக்கும்.

வெப்ப அறைச் செடியில் எல்லாம் வெளிறல். குளிர் அறைச் செடியில் கறுப்பு, கறுப்பு, கறுப்பு.

அதாவது அந்த மரபணு வெயிலில்தான் தவிர்க்க முடியாதது. குளிரில் அது இல்லாமலே அந்தச் செல் அடுக்கு நேரத்துக்குச் செத்து, மகரந்தத்தைத் தேற்றிவிடுகிறது. வெயிலில் இந்தச் செடி ஒட்டுவிதைக்குத் தாய்; குளிரில் தன் விதையைத் தானே பெருக்கிக்கொள்ளும். அண்ணி முன்பு சொன்னது தப்புதான். அந்தத் தப்புக்குள் இருந்தது அதைவிடப் பெரிய செடி. குழு கோப்பை மறுபடி திறந்தது.

6

முடிவு.

(அ) தலைவர் மன்னிப்புக் கேட்கிறார். (சினிமா.)

(ஆ) தலைவர் தன்னால்தான் கண்டுபிடிப்பு நடந்தது என்று பேட்டி கொடுக்கிறார். (அவர்மேல் அபாண்டம்.)

நடந்தது இதுதான். அண்ணி அவர் அறைக்கதவைத் தட்டி, "சார், வந்து ஒரு தடவை பாருங்க" என்றார். அவர் வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை. கண்ணை எடுக்காமலே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

என்ன சொன்னார் என்று கேட்டால் அண்ணி சிரிக்கிறார். "எல்லாத்தையும் உனக்குக் கொடுத்தாச்சு. அது எனக்கு."

நானே எழுதிப் பார்த்தேன். ஒன்று வசனமாகிவிட்டது, இன்னொன்று அறிவுரை. அவர் குரல் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் எப்போதாவது, பயந்து ஒன்றை மறைக்கச் சொல்லி, பிறகு அதே பொருளைக் கண்ணருகே பார்த்திருந்தால், உங்களுக்கு அந்த வாக்கியம் தெரிந்திருக்கும். இடம் விட்டிருக்கிறேன்:

"                                        "